குடும்ப வள மேலாண்மை படிக்கலாமா? மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

மனையியல் துறையில் குடும்ப வள மேலாண்மை என்றொரு பிரிவு இருக்கிறது. வீட்டுப் பணம், நுகர்வோர் உரிமை, குடியிருக்கும் வீடு ஆகிய மூன்றும் அதில்தான் பாடமாக வருகின்றன. அந்தப் பிரிவில் பாடம் நடத்துகிறேன். சேர்க்கை நேரத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சட்டம், விதி பற்றிச் சொல்வதெல்லாம் இந்தியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் உரியவை.

மனையியல் என்றால் சமையலும் தையலும்தானே?

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். உணவும் ஆடையும் மனையியலில் உண்டு, ஆனால் அவை பகுதிகள் மட்டுமே. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் மனையியல் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். மொத்தம் 10 அலகுகள். அவற்றில் ஒன்று வள மேலாண்மையும் நுகர்வோர் பிரச்சினைகளும், இன்னொன்று வீட்டமைப்பும் உள் அலங்காரமும். குழந்தை வளர்ச்சி, விரிவாக்கக் கல்வி போன்றவை தனி அலகுகள்.

இந்தத் துறையைத் தொடங்கியவர்களுக்கு அறிவியல்தான் அடிப்படை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த முதல் பெண்ணான எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் ஒரு வேதியியலாளர். குடிநீர், உணவுக் கலப்படம், வீட்டுக் காற்றோட்டம் ஆகியவற்றை ஆய்வுக்கூடத்தில் சோதித்தவர். 1899இல் லேக் பிளாசிட் என்ற ஊரில் அவரும் தோழர்களும் கூட்டிய மாநாட்டிலிருந்துதான் இது ஒரு துறையாக வளர்ந்தது. இந்தியாவில் டெல்லி லேடி இர்வின் கல்லூரி 1932இல் தொடங்கியது. நம் பக்கத்தில் 1957இல் கோயம்புத்தூரில் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் தொடங்கிய மனையியல் கல்லூரி, 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அதன் முதல் துணைவேந்தர் ராஜம்மாள் தேவதாஸ், ஊட்டச்சத்து அறிஞர். இவர்கள் யாரும் பெண்களுக்குக் கைவேலை கற்றுத்தருவதற்காக மட்டும் உழைத்தவர்கள் இல்லை.

பணம், உரிமை, வீடு மூன்றையும் ஏன் ஒன்றாகப் படிக்க வேண்டும்? பி.காம், சட்டம், கட்டடக்கலை என்று தனித்தனிப் படிப்புகள் இருக்கின்றனவே?

ஒரு குடும்பம் அடுக்குமாடியில் வீடு வாங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கிக்காரர் கடன் தவணையைச் சொல்வார். வழக்கறிஞர் பத்திரத்தைப் பார்ப்பார். கட்டுநர் வரைபடத்தைக் காட்டுவார். மூவரும் தங்கள் பங்கைச் சரியாகவே செய்யலாம். ஆனால் குடும்பத்தின் பக்கம் நின்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஆள் அந்த அறையில் இருக்கமாட்டார். அந்த ஆளை உருவாக்குவதுதான் இந்தப் படிப்பு.

அந்த ஆள் என்ன கேட்பார்? வீட்டுத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான தமிழ்நாடு ரேராவில் திட்டம் பதிவாகியிருக்கிறதா? 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது 8க்கு மேற்பட்ட வீடுகள் என்றால் பதிவு கட்டாயம். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் ரேரா சட்டம் சொல்கிறது. இவர்கள் எவ்வளவு கேட்கிறார்கள்? சொல்லும் சதுர அடி வீட்டுக்குள் நாம் புழங்கும் பரப்பான கார்பெட் ஏரியாவா, பொது இடங்களையும் சேர்த்த கணக்கா? நிலத்தில் நமக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு, அதாவது யு.டி.எஸ். எவ்வளவு? வில்லங்கச் சான்று 30 ஆண்டுக்கு இருந்தாலும் அதில் பதிவான ஆவணங்கள்தானே தெரியும், பதிவு செய்யாத உயில் ஏதாவது இருந்தால்? தவணை போக மாதம் கையில் நிற்கும் பணத்தில் பள்ளிக் கட்டணமும் அம்மாவின் மருந்துச் செலவும் அடங்குமா? அம்மாவுக்கு மூட்டுவலி என்றால் எத்தனையாவது மாடி?

நீதிமன்றங்களும் இவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான், அதில் குறை இருந்தால் நுகர்வோர் சட்டத்தின்கீழ் போகலாம் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990களிலேயே சொல்லிவிட்டது. ரேரா வந்த பிறகும் அந்த வழி மூடப்படவில்லை என்று 2020இல் மறுபடியும் உறுதி செய்தது.

எனக்குக் கணக்கு வராது. சமாளிக்க முடியுமா?

முடியும். கூட்டல், பெருக்கல், சதவீதம் தெரிந்தால் போதும், மீதியை வகுப்பில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் கணக்கே போடமாட்டேன் என்றால் இந்தப் பிரிவு வேண்டாம்.

முதல் பருவத்தில் நான் போடச் சொல்லும் கணக்கு ஒன்று. கடைக்காரர் 1,00,000 ரூபாய் கடன் தருகிறார், "12 பர்சென்ட்தான்" என்கிறார், 2 ஆண்டு தவணை. ஆண்டுக்கு 12,000 வீதம் 24,000 வட்டி, மொத்தம் 1,24,000, மாதம் 5,167 ரூபாய். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் அசலும் குறைந்துகொண்டே வருகிறதே? ஓராண்டு முடிந்ததும் அசலில் கிட்டத்தட்டப் பாதி திரும்பப் போயிருக்கும், வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் நடக்கும். குறையும் இருப்பின்மேல் கணக்கிட்டால் இதன் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு வட்டிக்குப் பக்கம். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம் அல்லவா! தெருவில் இரண்டு வட்டிக்கு வாங்கத் தயங்கும் குடும்பம், குளிர்சாதனக் கடையில் உட்கார்ந்து அதே அளவு வட்டிக்குச் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறது.

2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கான கடன்களில் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அந்தத் தாளில் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். தமிழிலேயே கேளுங்கள்.

வீட்டுக்கடன் கணக்கு இன்னும் பெரியது. 30 லட்சம், 8.5 சதவீதம், 20 ஆண்டு. மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். முதல் மாதத் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 4,785 மட்டும். வட்டி இதே நிலையில் இருந்தால் 20 ஆண்டு முடிவில் கட்டியிருப்பது 62 லட்சத்துக்கும் மேல். இதைக் கையால் எழுதிப் பார்த்த மாணவிகள் வீட்டுக்குப் போய் அப்பாவின் கடன் அட்டவணையைக் கேட்கிறார்கள். ஒரு பாடம் அந்த அளவுக்குப் போனால் எனக்குத் திருப்தி.

சீட்டு, நகைக்கடன் போன்ற நம் ஊர் விஷயங்கள் பாடத்தில் உண்டா?

பாடப்புத்தகத்தில் குறைவு, வகுப்பில் நிறைய. சீட்டை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டுக் குடும்பத்தின் நிதியைப் பேச முடியாது. 20 பேர், மாதம் 5,000, சீட்டுத் தொகை 1 லட்சம். ஏலத்தில் ஒருவர் 20,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து எடுத்தால் கையில் கிடைப்பது 80,000. அந்த 20,000இல் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 15,000 எல்லோருக்கும் 750 ரூபாயாகப் பிரியும், அந்த மாதம் கட்டவேண்டியது 4,250. ஆரம்பத்தில் எடுப்பவருக்கு அது கடன், கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. இரண்டு பேருக்கும் விகிதம் வேறு. இதைக் கணக்குப் போட்டுக் காட்டினால் மாணவிகளின் அம்மாக்கள்கூட ஆர்வமாகக் கேட்பார்கள்.

1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டைப் பதிவு செய்ய வேண்டும். நடத்துபவரின் கமிஷன் உச்சவரம்பு 2019இல் 5 சதவீதத்திலிருந்து 7 ஆக உயர்ந்தது. வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. சீட்டுக்கு அது கிடையாது. தெரிந்தவர், பக்கத்துத் தெரு என்பதற்காகப் பதிவில்லாத சீட்டில் பணம் போட வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன்.

நுகர்வோர் உரிமை என்றால் சட்டம் படிப்பதா?

சட்டத்தைப் பயன்படுத்தக் கற்பது. 1986இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019ஆம் ஆண்டின் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. எங்கள் மாணவர்கள் ஒரு புகாரைத் தொடக்கத்திலிருந்து எழுதிப் பழக வேண்டும்: என்ன வாங்கினேன், எவ்வளவு கொடுத்தேன், என்ன குறை, எந்தத் தேதியில் யாரிடம் சொன்னேன், என்ன கேட்கிறேன். பெரும்பாலோர் முதல் முயற்சியில் கோபத்தை எழுதுவார்கள், தேதியை விட்டுவிடுவார்கள்.

எல்லோருக்கும் பயன்படும் சில விவரங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் கடைக்கோ நிறுவனத்துக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், 2019 சட்டம் தந்த பெரிய வசதி இது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். வங்கி தொடர்பான புகார் என்றால் முதலில் வங்கியிடம் கொடுத்து 30 நாள் பாருங்கள். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கும் கட்டணம் இல்லை.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருப்பார்கள். பழுதான பொருளுக்கு அது செல்லாது. பில்லில் போட்ட காலத்துக்குள், காலம் எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்றே சட்டம் சொல்கிறது. பில் தர மறுப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆகவே பில்லை வாங்குங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். வெயிலில் அந்த எழுத்து மங்கிவிடும்.

ஆணையத்தில் 3 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடப்பில் அதைவிட அதிகம் ஆகிறது. அதையும் மறைக்காமல் மாணவர்களுக்குச் சொல்கிறோம், ஆணையத்துக்கே அழைத்துப்போய் ஒரு நாள் உட்கார வைக்கிறோம்.

வீட்டமைப்பு என்பது இன்டீரியர் டிசைன் படிப்பா?

வண்ணமும் திரைச்சீலையும் ஒரு சிறு பகுதி. குடும்பத்துக்கு என்ன வீடு வேண்டும் என்பது பெரிய பகுதி. அடுப்பு மேடையின் உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நின்று வேலை செய்பவரின் முழங்கைக்குச் சற்றுக் கீழே மேடை இருந்தால் தோளும் முதுகும் வலிக்காது. எங்கள் மாணவிகள் தங்கள் வீட்டில் சமைப்பவரின் முழங்கை உயரத்தையும் மேடை உயரத்தையும் அளந்து வருவார்கள். பல வீடுகளில் மேடையை உயர்த்திக் கட்டியிருப்பார்கள், சமைப்பவர் குள்ளமானவர். வீடு கட்டும்போது அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வெளியேயும் இந்தப் பாடம் போகும். சென்னையின் நடுப்பகுதிக் குடிசைகளில் இருந்தவர்களுக்குக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கான்கிரீட் வீடு கிடைத்தது. கூரை கிடைத்தது, ஆனால் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பலருக்கு வேலை செய்த தெரு தூரமாகிவிட்டது. பஸ் செலவு, பயண நேரம், விட்டுப்போன வருமானம், மாறிப்போன பள்ளி எல்லாவற்றையும் சேர்த்தால்தான் அந்த வீட்டின் உண்மையான விலை தெரியும். கட்டடத்தை மட்டும் அளப்பவர்களுக்கு இது கணக்கில் வராது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி. அந்தப் பரப்பில் வயதான மாமியார், பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண், தையல் மெஷின் மூன்றுக்கும் இடம் எப்படி? செமஸ்டர் முழுக்க வேலை வைக்கக்கூடிய கேள்வி இது.

வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய. தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது; ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக ஒத்துக்கொண்டிருந்தால் அது தனி. சென்னையில் இன்னமும் 10 மாத அட்வான்ஸ் கேட்க முடிகிறது என்றால் இந்த ஓட்டைதான் காரணம். சட்டத்தை அரைகுறையாகப் படித்துவிட்டு வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் இருக்க, விதிவிலக்கையும் சேர்த்துப் படிக்கச் சொல்லித் தருகிறோம்.

வீட்டு வேலையையும் ஒரு பாடமாகப் படிக்க வேண்டுமா?

மார்கரெட் ரீட் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1934இல் ஓர் அளவுகோல் சொன்னார். ஒரு வேலையைக் கூலிக்கு வேறொருவரிடம் செய்யச் சொல்ல முடியுமானால் அது உற்பத்தி. சமைப்பது, துவைப்பது, பிள்ளையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அந்த அளவுகோலில் உற்பத்திதான். 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு அதைச் செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய், இந்த உழைப்பை ஒப்புக்கொள்வதாகவே அறிவிக்கப்பட்டது. குடும்ப பட்ஜெட் போடும்போது இந்த நேரத்தை ஒரு வரியாக எழுதாவிட்டால் அந்த பட்ஜெட் பொய்.

ஆண்கள் சேரலாமா?

சேர வேண்டும் என்பேன். தமிழ்நாட்டில் மனையியல் உள்ள கல்லூரிகளில் பெரும்பாலானவை மகளிர் கல்லூரிகள் என்பது உண்மைதான், தேடிப்பார்த்துத்தான் சேர வேண்டியிருக்கும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் ஆண்கள் இத்தனை பேர் இருக்கும்போது இதைப் பெண்களின் படிப்பு என்று ஒதுக்குவது எனக்கு ஏற்புடையது இல்லை.

பிளஸ் டூவில் எந்த குரூப் படித்திருக்க வேண்டும்?

கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில இடங்களில் அறிவியல் பாடம் கேட்பார்கள், சில இடங்களில் மனையியல் தொழிற்பிரிவு மாணவர்களுக்கு முன்னுரிமை. விண்ணப்பத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணத்துக்கு உதவி உண்டா?

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இதில் வருவார்கள். அரசு கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் பெரிய சுமையாக இருக்காது.

வேலை கிடைக்குமா?

பட்டத்தின் பெயரைப் பார்த்தே வேலை தரும் நிறுவனங்கள் குறைவு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. படிப்போடு இன்னொரு தகுதியைச் சேர்த்துக்கொள்பவர்கள் நன்றாக வருகிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் தேர்வுக்கு மனையியல் பட்டதாரிகள் எழுதலாம். முதுகலை முடித்து நெட் எழுதினால் கல்லூரி ஆசிரியர் பணி. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகத்துக்கு, பங்குச் சந்தைக் கல்வி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் சான்றிதழ்த் தேர்வு உண்டு. எழுதலாம், ஆனால் கமிஷனுக்காக விற்பதும் ஆலோசனை சொல்வதும் வேறு வேறு என்பதை மறக்காதீர்கள். விடுதி, மருத்துவமனை நிர்வாகம், உள் அலங்காரம், தொண்டு நிறுவனங்கள், சென்னையின் சிஏஜி போன்ற நுகர்வோர் அமைப்புகள் எல்லாம் வழிகள்தான். வங்கித் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும்.

நான் ஏற்கெனவே வேலைக்குப் போகிறேன். இதை மட்டும் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நுகர்வோர் பாதுகாப்புக்கென்று சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. ரிசர்வ் வங்கியும் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியும் நிதிக்கல்விப் புத்தகங்களை இலவசமாகவே வெளியிடுகின்றன. அதோடு உங்கள் வீட்டிலுள்ள கடன் ஒப்பந்தம், காப்பீட்டு பாலிசி, வாடகை ஒப்பந்தம் மூன்றையும் எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருமுறை படியுங்கள். புரியாத இடங்களைக் குறித்து வைத்தால் பாடத்திட்டம் தயார்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

முதலில் துறைக்கு நேரில் போங்கள், இணையதளப் படங்களை நம்பி முடிவு செய்ய வேண்டாம். நுகர்வோர் பாடப்புத்தகத்தில் இன்னும் 1986 சட்டம்தான் இருக்கிறதா, 2019 வந்துவிட்டதா என்று பாருங்கள். துறை எவ்வளவு விழிப்பாக இருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். களப்பணி எத்தனை மணி நேரம், எங்கே என்று கேளுங்கள். முன்பெல்லாம் பல மனையியல் கல்லூரிகளில் இல்ல மேலாண்மை விடுதி என்று ஒரு வீடு இருக்கும், மாணவிகள் குழுவாகத் தங்கி, கொடுத்த பணத்துக்குள் குடும்பம் நடத்திக் கணக்கு ஒப்படைப்பார்கள். அது இன்னும் இயங்குகிறதா, பூட்டிக் கிடக்கிறதா என்று விசாரியுங்கள். கடைசி ஆண்டு மாணவி ஒருவரிடம் தனியாகப் பேச முடிந்தால், ஒரு வீட்டுக்கடன் தவணை அட்டவணையைக் கொடுத்து விளக்கச் சொல்லுங்கள். அவர் தயங்காமல் விளக்கினால் அந்தத் துறையில் சேரலாம்.